தன்னைப் புகழும் கலை

நாவலையும் சிறுகதையையும் விமர்சனம் செய்கிறோம். நாடகத்தையும் சினிமாவையும்கூட விட்டுவைப்பதில்லை. ஆனால் இன்று தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த சிரத்தையோடும் பயத்தோடும் பணச் செலவோடும் எழுதுகிற ஓர் உரைநடை வகை இருக்கிறது. விமர்சகர்கள் அதன் பக்கம் திரும்புவதில்லை. வெளிநாட்டுச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் போடுகிற மாணவன், மார்க்குப் பட்டியலோடு சேர்த்து அனுப்புகிற கட்டுரையைத்தான் சொல்லுகிறேன். மேற்பட்டப் படிப்புக்குப் போகிறவர்கள் அதற்கு எஸ்.ஓ.பி. என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளியை முடித்துவிட்டு நேராகப் போகிறவர்களுக்கு வெறும் 'எஸ்ஸே'.

இது இலக்கியமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு மனிதன் 'நான்' என்று ஆரம்பித்து, தன் வாழ்க்கையிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி, சிலவற்றைத் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு வாசகனின் மனத்தில் இடம் பிடிக்கப் பார்க்கிறான். நாங்கள் செய்கிற காரியமும் அதுதானே? எங்கள் கதை நன்றாக இல்லையென்றால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை நன்றாக இல்லையென்றால் ஒரு குடும்பத்தின் இரண்டு வருஷத் திட்டம் குட்டிச்சுவராகிறது.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டில் சீனாவையும் முந்தி முதலிடம் நமக்கு வந்தது. அவர்களில் ஏறத்தாழ 1,97,000 பேர் மேற்பட்டப் படிப்புக்குப் போனவர்கள். ஒருவர் நான்கைந்து இடங்களுக்காவது எழுதிப் போட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு தலைமுறை எழுதிக் குவித்த 'நான்' எத்தனை என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வடிவத்திலும் இது கட்டுப்பாடு மிகுந்த வகை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் 1975இல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று அதை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேல். அதில் கட்டுரைக்கு 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650 சொல்லைத் தாண்டக் கூடாது. இங்கிலாந்தில் சொல்லை எண்ணுவதில்லை, எழுத்தை எண்ணுகிறார்கள்: இடைவெளியையும் சேர்த்து 4,000. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். வெண்பாவுக்குத் தளை பார்த்த நம் ஆட்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு பெரிய விஷயமல்ல. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் பிள்ளைக்கு 'நான்' என்று எழுதிப் பழக்கம் கிடையாது. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரையில் அவன் எழுதிய கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை; நடுவில் மேற்கோள்; கடைசியில் 'நாமும் அவர் வழி நடப்போமாக'. மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி எழுதுவான். அவன் வீட்டு மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று எழுத மாட்டான். எழுதினால் மார்க்குக் குறையும். பன்னிரண்டு வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, பதினேழாவது வயதிலோ இருபத்திரண்டாவது வயதிலோ திடீரென்று, 'உன்னைப் பற்றிச் சொல்லு' என்று ஒரு வெளிதேசத்துக் குரல் கேட்டால் அவன் என்ன செய்வான்? திருதிருவென்று விழிப்பான்.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல பண்பும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது நமக்குக் கூச்சம் தருகிற விஷயம். உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, பிள்ளையவர்கள் அவரிடம் வாழ்க்கைக் கதை கேட்கவில்லை. நைடதத்திலிருந்து ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார், பொருள் கேட்டார். ஐயரவர்கள் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தது 1940இல். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 85. வாழ்ந்து முடித்துவிட்டு எழுதினார். இவர்களோ வாழ ஆரம்பிக்கும் முன்பே எழுதச் சொல்லுகிறார்கள்.

ஆனாலும் நம் மரபு இந்த விஷயத்தில் வாய்மூடிக் கிடக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கர் சேர்க்கைக்கே இலக்கணம் வகுத்திருக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர்கள் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர்கள் கடைமாணாக்கர். யாரைச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் தனியாகப் பட்டியல் உண்டு. அதே பாயிரத்தில், எத்தனை கற்றுத் தேர்ந்தவனாக இருந்தாலும் தன்னைத்தானே புகழ்வது தகுதியல்ல என்றும் சொல்லிவிடுகிறார். சொன்ன கையோடு நான்கு இடங்களில் விதிவிலக்கும் தருகிறார்: அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களுக்கு நடுவில் இருக்கும்போது, சபையில் வாதம் செய்து வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிரி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு சமயங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம்மை அறியாத ஒரு சபைக்கு அனுப்புகிற ஓலை! எஸ்.ஓ.பி.க்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கூச்சப்பட வேண்டியதில்லை; நன்னூலார் அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் அவர் அனுமதித்தது 'தன்னை'ப் புகழ்வதற்கு. இல்லாத ஒருவனைச் சிருஷ்டித்து அவனைப் புகழ்வதற்கு அல்ல. இந்த வித்தியாசத்தில்தான் இன்றைய கட்டுரைகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன.

பூந்தமல்லியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கத்திலிருந்தும் சில மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் சென்ற வருஷம் என் கைக்கு வந்தன. "நீங்கள் கதை எழுதுகிறவர்தானே சார், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று கொண்டுவந்தார்கள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

முதல் கட்டுரை ஒரு விஞ்ஞானியின் பொன்மொழியோடு ஆரம்பித்தது. அடுத்த வாக்கியம், 'சிறு வயதிலிருந்தே எனக்குக் கணிப்பொறியின் மீது தணியாத தாகம்'. எந்தக் கணிப்பொறி, யார் வீட்டில், எந்த வயதில் என்று ஒரு விவரமும் இல்லை. தாகம் மட்டும் இருந்தது. இரண்டாவது கட்டுரையிலும் அதே தாகம். மூன்றாவதில் விஞ்ஞானி மாறியிருந்தார், தாகம் மாறவில்லை. மூன்றையும் தட்டச்சு செய்தது ஒரே அலுவலகமாக இருக்க வேண்டும்.

இது நமக்கே உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். 2007இல் இங்கிலாந்தில் சேர்க்கை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொது நிறுவனம் 50,000 கட்டுரைகளை இயந்திரத்தில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. 234 பேர், தங்கள் எட்டாவது வயதில் ரசாயனப் பரிசோதனைப் பெட்டியை வைத்து விளையாடித் தங்கள் பைஜாமாவில் ஓட்டை விழும்படி எரித்துக்கொண்டதாகவும், அதனால் விஞ்ஞானத்தில் ஆர்வம் பிறந்ததாகவும் எழுதியிருந்தார்கள். 234 பைஜாமாக்கள்! முதல் பையன் எரித்தது நிஜமாகவே இருக்கலாம். அந்த நிஜத்தைத்தான் மற்ற 233 பேரும் பொய்யாக்கிவிட்டார்கள். காப்பியடிப்பதில் உள்ள பெரிய கெடுதல் இதுதான். அசலுக்கும் மதிப்புப் போய்விடுகிறது.

இன்னொரு கட்டுரை ஒரு பெண் எழுதியது. பொது சுகாதாரம் படிக்கப் போகிறவள். அதில் அவளுடைய குடும்பம் ஒரு வேளைக் கஞ்சிக்குத் தவிக்கிறது. விசாரித்தால், தகப்பனார் முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர், சொந்த வீடு. "வறுமை இருந்தால்தான் படிப்பவர்கள் மனம் இளகும் என்று கன்சல்டன்சியில் சொன்னார்கள்" என்றாள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கச் சர்வகலாசாலை இடம் தருவதாக இருந்தால், படிப்புச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்டாமல் விசாவுக்கு வேண்டிய தாள் வராது. அதற்காக ஆடிட்டர் ஒருவர் அந்த வீட்டையும் நகையையும் சேமிப்பையும் மதிப்பிட்டு, இவர்கள் இத்தனை லட்சத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஆக ஒரே குடும்பத்துக்கு ஒரே விண்ணப்பத்தில் இரண்டு சரித்திரம். கட்டுரையில் கஞ்சிக்கு வழியில்லை. ஆடிட்டர் சர்டிபிகேட்டில் லட்சாதிபதி. இந்தக் குடும்பத்தின் உண்மையான கதை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: ஒரு பெண்ணைப் படிக்கவைக்க, கட்டி முடித்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார்கள். அதுதான் நாடகம். அதை எழுத யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு வினோதமும் உண்டு. ஆசிரியர் தரவேண்டிய சிபாரிசுக் கடிதத்தை மாணவனே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆசிரியருக்கு அறுபது பேர், நேரம் இல்லை என்பது காரணம். நன்னூலார் நான்கு விதிவிலக்குத் தந்தார். பிறர் வாயில் புகுந்துகொண்டு தன்னைப் புகழ்கிற இந்த ஐந்தாவது வழி அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் படித்தவற்றில் முக்கியமானதாகக் கருதுவது ஒரு கட்டடப் பொறியியல் பையனின் கட்டுரையை. அது 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியது. அவன் குடும்பம் அப்போது அடையாற்றங்கரையில் மணப்பாக்கத்தில் குடியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் ஆற்றில் திறந்துவிடப்பட்ட அந்த இரவில், கட்டுரையின்படி, பதினொரு வயதுப் பையனான அவன் ஒரு படகில் ஏறி அண்டை வீட்டாரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிக்கொண்டே, 'நீரியல் நிபுணனாவேன்' என்று மனத்துக்குள் சபதமும் செய்கிறான்.

"படகு ஓட்டத் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

பையன் சிரித்துவிட்டான். "படகே கிடையாது சார். மாடி வீட்டு அத்தை எங்களை மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். மாடிப்படியில்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்."

"உட்கார்ந்து என்ன செய்தாய்?"

"சுவரில் கோடு போட்டேன் சார், கரித்துண்டால். தண்ணீர் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்பா மணி சொல்லிக்கொண்டே இருந்தார். விடிகிறபோது பதினான்கு கோடு இருந்தது. கீழே இருக்கிற கோடுகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம், மேலே போகப்போகக் குறைவு. அது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்."

"இதை ஏன் எழுதவில்லை?"

"முதலில் எழுதியிருந்தேன் சார். ஏஜெண்டு, 'கரிக்கோடெல்லாம் அவர்களுக்கு எடுபடாது, ஒரு படகு போடலாம்' என்று மாற்றிவிட்டார்."

வாசகர்களே, நீங்கள் கதை படித்துப் பழகியவர்கள். இந்த இரண்டில் எது கதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகில் போகிற பையனை நாம் ஆயிரம் சினிமாவில் பார்த்திருக்கிறோம். இருட்டில், பயத்தில், மாடிப்படியில் உட்கார்ந்து கரித்துண்டால் தண்ணீரை அளக்கிற பையனைப் பார்த்ததில்லை. அவன் நீரியல் படிக்கப் பிறந்தவன் என்பதற்குச் சபதம் தேவையில்லை. அந்தப் பதினான்கு கோடுகள் போதும். ஏஜெண்டு அழித்தது ஒரு பத்தியை அல்ல, அந்தப் பையனிடம் இருந்த ஒரே அத்தாட்சியை.

ஏஜெண்டை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பிறர் உதவி செய்வதே தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன விண்ணப்பங்களில் தலைசிறந்தது, சென்னைத் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதம். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். அந்தக் கடிதத்தின் ஆங்கிலம் முழுக்க ராமானுஜனுடையதாக இருக்க முடியாது, நண்பர்கள் உதவியிருக்க வேண்டும் என்று ஹார்டியே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆனால் முக்கியமானது கணிதம், அது சந்தேகமில்லாமல் அவருடையது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கடிதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். தான் யார், சம்பளம் எவ்வளவு, சர்வகலாசாலைப் படிப்பு முடிக்கவில்லை என்பதெல்லாம் சில வரிகள். வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் என்று எழுதியதில் கண்ணீர் இல்லை, வெறும் தகவல். வயதைக்கூடச் சுமார் 23 என்று குறைத்தே எழுதிவிட்டார், உண்மையில் 25. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120. 'எனக்குக் கணிதத்தில் தணியாத தாகம்' என்ற வாக்கியம் அதில் இல்லை. தாகத்தைப் பற்றி எழுதாமல் தண்ணீரையே கொண்டுபோய் வைத்தார். நண்பர்கள் திருத்தியது பாஷையை. சரக்கில் கைவைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர் அவர். ராமாநுஜர் தம் மனத்தில் இருந்த சந்தேகங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டு வரும்படி நம்பியை வேண்டினார் என்றும், ஆறு வார்த்தைகளாக விடை வந்தது என்றும் வைஷ்ணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பது அந்த ஆறில் ஒன்று. இன்றைய பேச்சில் சொன்னால், எங்கே சேருவது என்ற கேள்விக்கு விடை. நடுவில் நின்ற நம்பி தம் சார்பில் ஏழாவது வார்த்தை ஒன்றைச் சேர்க்கவில்லை. தரகு என்றால் அப்படி இருக்க வேண்டும். அந்த ஊரில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி பலகை மாட்டியிருக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

நியாயமாகப் பேசினால் மறுகரையில் உட்கார்ந்து படிக்கிறவர்களையும் விசாரிக்க வேண்டும். கட்டுரை கேட்கும் வழக்கமே நல்ல எண்ணத்தில் மட்டும் பிறந்ததல்ல. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற கல்லூரிகளில் பரீட்சை மார்க்கின் பலத்தால் யூத மாணவர்கள் பெருகினார்கள். அவர்களைக் குறைக்க வழி தேடியபோதுதான் மார்க்குக்கு மேலே 'குணம்' வந்தது. அதைக் கண்டுபிடிக்கப் புகைப்படமும், நேர்முகமும், தன்னைப் பற்றிய எழுத்தும் வந்தன. கதவைச் சாத்தப் பயன்பட்டது பிற்காலத்தில் கதவைத் திறக்கவும் பயன்பட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோதும், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவன் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றது. ஆகவே கட்டுரையின் கனம் கூடிவிட்டது. அதோடு, துன்பத்தைக் கடை விரிக்கிற ஆசையும் கூடிவிட்டது. கஷ்டப்பட்டவனே யோக்கியன் என்று படிக்கிறவர் நினைத்தால், கஷ்டப்படாதவன் கஷ்டத்தை விலைக்கு வாங்குவான். சந்தையின் தர்மம் அது.

இப்போது இயந்திரமும் எழுதித் தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஏஜெண்டுக்கே அது குமாஸ்தா வேலை செய்கிறது. பிழையில்லாத ஆங்கிலம், கச்சிதமான முடிவுரை. என் மேஜைக்கு வந்தவற்றில் இரண்டு அந்த ரகம் என்று சந்தேகப்படுகிறேன். வழுவழுவென்று இருந்தன, கையில் எடுத்தால் நழுவிப் போயின. எல்லாருக்கும் பிழையில்லாத பாஷை சல்லிசாகக் கிடைக்கிற காலத்தில் பாஷைக்கு மதிப்பு இறங்கிவிடும். மிஞ்சப்போவது சரக்குதான். அதாவது, அந்தக் கரிக்கோடுதான்.

இத்தனை சொல்லிவிட்டு உபயோகமாக ஒன்றும் சொல்லாமல் போனால் பெற்றோர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லுகிறேன். ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்பு, பிள்ளையை ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, அவன் தானாக, யாரும் சொல்லாமல் செய்த ஒரு காரியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். பொன்மொழி கூடாது. 'தாகம்', 'கனவு', 'லட்சியம்' என்ற மூன்று சொற்களும் கூடாது. என்ன செய்தான், எதைக் கண்டான், எது இன்னும் விளங்கவில்லை என்பது மட்டும். ஒன்றுமே எழுத வரவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. எழுத வந்துவிட்டால் அப்புறம் ஆங்கிலத்தை யார் வேண்டுமானாலும் திருத்தட்டும்.

இதில் பணயமாக இருப்பது ஓர் இடம் மட்டுமல்ல. இருபத்திரண்டு வயதில், தன் பெயர் போட்டு, தன் கையெழுத்திட்டு, வேறொருவனுடைய வாழ்க்கையை அனுப்புகிற பிள்ளை, தன் சொந்த வாழ்க்கை எழுதுவதற்கு லாயக்கில்லாதது என்ற தீர்ப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறான். இடம் கிடைத்துவிட்டாலோ இன்னும் மோசம்; தீர்ப்பு உறுதியாகிவிடுகிறது. தகப்பன் கட்டிய வீட்டையும், மாடி வீட்டு அத்தையின் கருணையையும், தன் கையிலிருந்த கரித்துண்டையும் வெட்கப்பட வேண்டிய விஷயங்களாக நினைத்தபடி அவன் விமானம் ஏறுவான்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மொத்தம் ஏழு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டான். ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, தகப்பனாரின் பேச்சையும் தட்ட முடியாது. ஐந்து இடங்களுக்குப் படகு போயிற்று. இரண்டு இடங்களுக்குக் கரிக்கோடு போயிற்று. எது ஜெயித்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ராமானுஜனின் கணிதத்தை ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதனால் அந்தக் கணிதம் மட்டமாகிவிடவில்லை. சேர்க்கைக் குழுவின் முடிவு வேறு, விமர்சனம் வேறு. விமர்சகனாக என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: படகுக் கட்டுரை தேறாது. கரிக்கோட்டுக் கட்டுரையில் ஆங்கிலப் பிழை ஒன்பது இருந்தது. அது நல்ல எழுத்து.